தாள ஆய்வு மென்பொருள்களும் மலையகத் தப்பும்

ஒலிப்பதிவிலோ காணொளியிலோ ஒவ்வோர் அடியும் விழும் நேரத்தைக் குறித்து, அடிகளுக்கு இடையிலான இடைவெளியை மில்லிசெகண்ட் கணக்கில் அளக்க உதவுபவை தாள ஆய்வு மென்பொருள்கள். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் பால் போர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் பேச்சொலி ஆய்வுக்காக உருவாக்கிய பிராட், லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழகத்தின் சோனிக் விஷுவலைசர், நெதர்லாந்தில் உள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தின் ஈலான் ஆகியவை பரவலாகப் புழங்குகின்றன. மூன்றும் இலவசமாகக் கிடைப்பவை.

இலங்கை மலையகத்தின் ஊவா மாகாணத்தில் இவற்றால் ஆராய வேண்டிய முதல் வாத்தியம், குச்சிகளால் அடிக்கும் தோல் வாத்தியமான தப்பு. விடிகாலையில் தோட்டத் தொழிலாளரை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்துக்கு அழைத்தது தப்பொலிதான். கோயில் திருவிழா, சாவு வீடு, மாசி மாதக் காமன் கூத்து என அந்தந்த நிகழ்வுக்கு ஏற்ற அடி உண்டு. பதுளை, பசறை, ஹாலிஎல பக்கத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சத்தம் வந்ததுமே சேதி புரிந்துவிடும். அந்த வேறுபாடு வேகத்தில் இருக்கிறதா, இடைவெளியிலா, குச்சி மாறி விழுவதிலா என்பதை அளந்து காட்ட முடியும்.

சோனிக் விஷுவலைசரில் பதிவைத் திறந்தால் ஒவ்வோர் அடியும் செங்குத்தாக எழும்பித் தணிவது தெரியும். கேட்டுக்கொண்டே விசையைத் தட்டி அடிகளைக் குறிக்கலாம். ஆனால் சீரான தாளத்துக்குத் தட்டும்போது விரல் சில பத்து மில்லிசெகண்ட் முந்திக்கொள்வது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த உண்மை. ஆகவே குறிகளை அலைவடிவத்தைப் பார்த்துத் திருத்தியாக வேண்டும்.

தானாக அடியைக் கண்டுபிடிக்கும் வசதிகளை அப்படியே நம்புவதற்கில்லை. அவற்றில் பல, வேகம் அதிகம் மாறாத மேற்கத்திய இசையைக் கொண்டு பழக்கப்பட்டவை. பார்சிலோனாவில் சேவியர் செராவின் தலைமையில் 2011இல் தொடங்கிய காம்ப்மியூசிக் திட்டம், ஆதி தாளத்தின் 8 எண்ணிக்கையையும் மிச்ர சாபுவின் 7ஐயும் கணினி அறியும்படி செய்தது. சென்னை ஐஐடியும் அதில் பங்குகொண்டது. அது கச்சேரி மேடைக்கான வேலை. தப்பின் சிக்கல் வேறு. நெருப்பில் காய்ச்சிய தோல் மலைக்குளிரில் மெல்லத் தளர்ந்து சுருதி இறங்கும். தொடக்கத்தில் ஒலியைக் கொண்டு பிரித்தறிந்த மெல்லிய குச்சியடியும் தடித்த குச்சியடியும் நள்ளிரவுக்கு மேல் அதே அளவுகோலுக்குள் அடங்காமல் போகலாம். பலர் சேர்ந்து அடிக்கையில் சிறிது முன்பின்னாக விழும் அடிகளைக் கணினி இரண்டாக எண்ணுவதும் உண்டு.

காமன் கூத்தில் வரும் ரதி, மன்மதன் ஆட்டத்தையும் தப்பையும் சேர்த்து ஆராய ஈலான் ஏற்றது. வினாடிக்கு 25 படங்கள் எடுக்கும் காணொளியில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் 40 மில்லிசெகண்ட் இடைவெளி. காலடிக்கு இது ஓரளவு போதும், தப்படிக்குப் போதாது. வினாடிக்கு 44,100 முறை மாதிரி எடுக்கும் ஒலிப்பதிவிலிருந்தே அதை அளக்க வேண்டும்.

கைபேசியில் பதிவு செய்வோர் ஒலியளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியை நிறுத்திவிட்டு, சுருக்கப்படாத வேவ் கோப்பாகச் சேமிக்க வேண்டும். அடிகளுக்குத் தப்புக் கலைஞர்கள் சொல்லும் பெயர்களையே தமிழில் குறிப்பாக இடுங்கள். அவர்களின் சம்மதம் பெற்றுப் பதிவு செய்து, ஒரு பிரதியை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள்.