ஒளிப்பட முப்பரிமாண மாதிரிகள்: அளவும் புவியிடமும்

பாறைமுகம், பனியாறு, எரிமலைவாய், நிலச்சரிவு முதலியவற்றைப் பல கோணங்களில் படமெடுத்து உருவாக்கும் முப்பரிமாண மாதிரிக்கு மெய்யான அளவையும் திசையையும் பூமியில் அதற்குரிய இடத்தையும் தரும் முறை. படங்கள் வடிவத்தைத்தான் காட்டும். கையளவுக் கல்லைக் கிட்ட நின்றும், அதே வடிவுள்ள மலையை அதற்கேற்ற தொலைவில் நின்றும் எடுத்தால் இரண்டு படங்களும் ஒன்றுபோலவே அமையும். எனவே தரையில் அளந்த ஏதோ ஒன்று வெளியிலிருந்து வந்து சேர்ந்தாக வேண்டும். அதை எவ்வாறு பெற்றார்கள் என்பதே இத்துறையின் வரலாறு.

தொடக்ககாலத்தில் இந்தச் சிக்கல் எழவில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் ஏமே லோஸ்தா ஒளிப்படங்களிலிருந்து நிலவரைபடம் வரைந்தபோது, கேமரா நின்ற இடங்களை முன்னதாகவே அளந்து வைத்துக்கொண்டார். அளவு முதலில் வந்தது, படம் பிறகு வந்தது. செபாஸ்டியன் ஃபின்ஸ்டர்வால்டர் 1889இல் ஆஸ்திரிய ஆல்ப்ஸின் ஃபெர்னாக்ட் பனியாற்றை இவ்வழியில் வரைபடமாக்கினார். பனியாறு பின்வாங்குவதைப் பிற்காலத்தவர் கணக்கிட இத்தகைய வரைபடங்களே அடிப்படை ஆயின. 1901இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் கார்ல் புல்ஃப்ரிஷ் உருவாக்கிய இரட்டைப்பட அளவுக்கருவி வேலையை விரைவாக்கியது.

கேமரா விமானத்தில் ஏறியபின் அது இருந்த இடத்தை அளக்க அன்று வழியில்லாமல் போயிற்று. படத்தில் தெளிவாகத் தெரியும் தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளை நில அளவையாளர்கள் தியோடலைட்டோடு நடந்துபோய் அளந்தார்கள். எல்லாப் படங்களையும் எல்லாப் புள்ளிகளையும் ஒரே கணக்கில் சேர்த்துத் தீர்க்கும் கற்றைச் சமன்செய்தலை 1950களின் இறுதியில் அமெரிக்கரான டுவான் பிரவுன் வகுத்தார். இன்றைய மென்பொருள்களின் உள்ளேயும் ஓடுவது இந்தக் கணக்குதான்.

பொது ஆயத்தொலைவுகளின் மதிப்பை 1980இல் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை உணர்த்தியது. அதன் வடசரிவு நாளுக்கு ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் வரை புடைத்து வந்தது. வெவ்வேறு நாள்களில் எடுத்த வான்படங்களை ஒப்பிட்டே புடைப்பின் பரப்பையும் பருமனையும் கணக்கிட்டார்கள். எல்லா நாள்களின் படங்களும் ஒரே சட்டகத்தில் பொருந்தியிருந்ததால்தான் அந்த ஒப்பீடு பொருளுடையதாயிற்று. மே 18 அன்று அச்சரிவு சரிந்து எரிமலை வெடித்தது.

அடுத்த திருப்பம் கணினிப் பார்வைத் துறையிலிருந்து வந்தது. நகரும் பார்வையிலிருந்து வடிவத்தை மீட்கலாம் என்று ஷிமோன் உல்மன் 1979இல் காட்டினார். படங்களுக்கிடையே ஒத்த புள்ளிகளைத் தானாகக் கண்டறியும் முறையை டேவிட் லோ 1999இல் வெளியிட்டார். 2006இல் நோவா ஸ்னேவ்லி குழுவினர், இணையத்தில் கிடந்த சுற்றுலாப் படங்களிலிருந்தே கட்டடங்களை முப்பரிமாணத்தில் மீட்டெடுத்தார்கள். கேமரா எங்கே நின்றது என்று யாரும் சொல்லத் தேவையில்லாமல் போனது. அளவு காணாமல் போனதும் இங்கேதான். கிடைத்த புள்ளித்திரளுக்கு மீட்டரும் இல்லை, வடக்கும் இல்லை.

2012இல் வெஸ்டோபி குழுவினரும், தனியே ஜேம்ஸ், ராப்சன் இருவரும் வெளியிட்ட ஆய்வுகள் இம்முறையைப் புவியறிவியலுக்குக் கொண்டுவந்தன. பின்னவர்கள் கைமாதிரிப் பாறையிலிருந்து ரீயூனியன் தீவின் எரிமலைவாய் வரை சோதித்து, படமெடுத்த தொலைவில் ஆயிரத்தில் ஒரு பங்கு நுண்மை கிட்டும் என்று காட்டினர்.

மாதிரியைப் பூமியோடு பொருத்த ஏழு எண்கள் வேண்டும்: இடப்பெயர்ச்சிக்கு மூன்று, சுழற்சிக்கு மூன்று, அளவுக்கு ஒன்று. ஒரே கோட்டில் அமையாத மூன்று புள்ளிகள் இதற்குப் போதும். ஆயினும் பிழையைக் கண்டறியக் கூடுதல் புள்ளிகள் தேவை. பொருத்தத்தில் சேர்க்காத சரிபார்ப்புப் புள்ளிகளே நம்பத்தக்க சாட்சி. கைமாதிரிக்கு ஓர் அளவுகோல் பட்டை போதும். பாறைமுகத்தில் அடுக்குகளின் சாய்வை அளப்பவருக்கு, நிலைக்குத்தும் வடக்கும் பிழையின்றி அமைவது ஆயத்தொலைவை விட முக்கியம்.

ஏழு எண்களால் தீராத பிழையும் உண்டு. செங்குத்தாகக் கீழ்நோக்கி மட்டும் படமெடுத்தால், லென்ஸ் வளைவைத் தவறாகக் கணித்துச் சமதரையையே மென்பொருள் குவிமாடமாக்கிவிடும். சாய்கோணப் படங்களைச் சேர்ப்பதையும் கட்டுப்பாட்டுப் புள்ளிகளைப் பரப்பெங்கும் இடுவதையும் ஜேம்ஸும் ராப்சனும் 2014இல் தீர்வாக வைத்தார்கள்.

ஆர்.டி.கே. எனும் நிகழ்நேரச் செயற்கைக்கோள் இடத்திருத்த வசதியுள்ள ட்ரோன்கள் கேமராவின் இடத்தைச் சில சென்டிமீட்டர் துல்லியத்தில் பதிவதால் தரைப்புள்ளிகளின் தேவை குறைந்துள்ளது. ஒருவகையில் லோஸ்தாவின் வழிக்கே துறை திரும்பியிருக்கிறது. உயரத்தில் மட்டும் தனிக் கவனம் வேண்டும். செயற்கைக்கோள் தருவது, பூமியின் வடிவத்துக்கு ஈடாகக் கொள்ளும் கணித நீள்கோளத்திலிருந்து அளந்த உயரம். சராசரிக் கடல்மட்டத்தையொட்டிய ஜியாய்டு வேறு. உலகிலேயே ஜியாய்டு மிகத் தாழ்ந்த பகுதி, நீள்கோளத்துக்குச் சுமார் 106 மீட்டர் கீழே, இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் உள்ளது. தமிழகக் கடற்கரையில் திருத்தம் செய்யாத மாதிரி, கரைமணலையே பல பத்து மீட்டர் கடலுக்கு அடியில் காட்டும்.