கல்லூரியும் கட்டுப்பாடும்

மாணாக்கர் கட்டுமீறும்போது ஆசிரியர் செய்யத் தக்கது யாது என்ற வினா இன்று நேற்று எழுந்ததன்று. 'அடியாத மாடு படியாது' என்பார் ஒரு சாரார். அன்பினால் ஆகாதது இல்லை என்பார் மற்றொரு சாரார். இவ்விரு கொள்கைகளும் கல்கத்தா மாநகரில் ஒருமுறை நேருக்கு நேர் மோதின. அவ்வரலாற்றை வங்கத்தில் வாழும் தமிழன்பர்கள் அறிந்திருத்தல் நலம்.

1916-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 10-ஆம் நாள், பிரசிடென்சிக் கல்லூரியில் ஓட்டன் என்னும் ஆங்கிலேயர் வரலாற்றுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். வகுப்பிற்கு வெளியே தாழ்வாரத்தில் மாணாக்கர் சிலர் நடந்து செல்ல, அவர் சினந்து வெளிவந்து அவர்களைப் பிடித்துத் தள்ளினார் என்பது குற்றச்சாட்டு. அவ்வகுப்பின் பிரதிநிதியான பத்தொன்பது வயது நிரம்பாத இளைஞர் ஒருவர் முதல்வர் ஜேம்ஸிடம் சென்று முறையிட்டார். அவ்விளைஞரே சுபாஷ் சந்திர போஸ்.

முறையீடு பயன் தரவில்லை. மறுநாள் மாணாக்கர் வேலைநிறுத்தம் செய்தனர். பின்னர் ஓட்டனே மாணவப் பிரதிநிதிகளை அழைத்துப் பேசிச் சமாதானம் செய்துகொண்டார். பூசல் அத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால் வேலைநிறுத்தத்திற்காக விதித்த அபராதத்தை முதல்வர் நீக்க மறுத்தார். மனத்தாங்கல் நீறு பூத்த நெருப்பாயிற்று.

பிப்ரவரி 15-ஆம் நாள் ஓட்டன் மற்றொரு மாணாக்கனைக் கைதொட்டார் என்ற செய்தி பரவிற்று. இம்முறை எவரும் முறையிடச் செல்லவில்லை. மாடிப்படியின் அடியிலே மாணாக்கர் சிலர் அவரைச் சூழ்ந்துகொண்டு தாக்கினர். அரசாங்கம் கல்லூரியை மூடியது. சுபாஷ் நீக்கப்பட்டார், பிற கல்லூரியிற் சேரவும் பல்கலைக் கழகம் இசைவளிக்கவில்லை. அரசாங்கத்துடன் மாறுபட்ட முதல்வர் ஜேம்ஸும் பதவியிழந்தார்.

விசாரணைக் குழுவிற்குத் தலைமை தாங்கியவர் சர் ஆசுதோஷ் முகர்ஜி. அவருடைய அரிய நூற்றொகுதியை அலிப்பூர் பெல்வெடீர் வளாகத்திலுள்ள தேசிய நூலகத்தில் இன்றும் காணலாம். தாக்குதல் நியாயமா என்று குழு வினவியபோது, நியாயமன்று, எனினும் மாணாக்கர் மிகவும் தூண்டப்பட்டனர் என்று சுபாஷ் விடை பகர்ந்தார். குழுவின் அறிக்கை மாணாக்கருக்குச் சாதகமாக அமையவில்லை. ஆசிரியரை அடிப்பதை எந்த நீதிமானும் ஒப்ப மாட்டார் அல்லவா?

அவ்வாண்டே கவியரசர் தாகூர் இதனைக் குறித்துக் கட்டுரை ஒன்று வரைந்தார். வளரும் பருவத்து இளைஞரை அச்சுறுத்தி ஆள முயல்வது கல்வியாகாது. ஆசிரியரின் மதிப்பும் அன்புமே அவர்களை நெறிப்படுத்தும் என்பது அவர் கருத்து.

இனி இவ்வரலாற்றின் பிற்பகுதியே நாம் சிந்திக்கத் தக்கது. சுபாஷுக்குக் கதவு என்றென்றைக்குமாக அடைக்கப்படவில்லை. ஓராண்டுக்கு மேல் கட்டாக்கில் தங்கியிருந்த அவருக்கு, 1917-இல் ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியில் இடம் கிடைத்தது. விசாரணைக்குத் தலைமை தாங்கிய ஆசுதோஷே அதற்கு உதவினார். 1919-இல் தத்துவத்தில் முதல் வகுப்பில் தேறினார் சுபாஷ். அடிபட்ட ஓட்டனும் பின்னாளில் தம் மாணவரைப் போற்றிக் கவிதை எழுதினார் என்றால், காலம் எத்தனை காயங்களை ஆற்றுகிறது!

இதனால் விளங்கும் உண்மைகள் இரண்டு. முதலாவது, முறையீட்டுக்குச் செவிசாய்க்கும் வழி அடைபடும் இடத்தில் வன்முறை வழி தேடுகிறது. ஜனவரியில் முதல்வர் அறையின் கதவைத் தட்டிய மாணாக்கர் பிப்ரவரியில் அதைத் தட்டவில்லை. இரண்டாவது, தண்டனை உறுதியாக இருத்தல் வேண்டும். ஆயினும் திருந்தி மீள ஒரு வழி விட்டிருத்தல் வேண்டும்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளியில் குழந்தையை அடிப்பதையும் மனத்தால் துன்புறுத்துவதையும் தடை செய்திருக்கிறது. எனினும் சட்டம் பிரம்பை மட்டுமே வாங்கி வைக்க இயலும். பொறுமையை ஆசிரியரும் பெற்றோருமே வழங்க வேண்டும். பிற மாநிலத்தில், வேற்று மொழி வழங்கும் பள்ளிக்குத் தம் மக்களை அனுப்பும் நம்மவர்க்கு இப்பொறுப்பு இரு மடங்கு. பிள்ளை முறையிட்டால், பள்ளி கேட்கும் முன்னர் நாம் கேட்போமாக. பிள்ளை தவறிழைத்தால், மறைக்காது பள்ளியுடன் கலந்து பேசுவோமாக. கட்டுப்பாடு நிலைபெறுவது அவ்விரண்டினாலேயே ஆம்.