தேயாத உளிகள்

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், ரோச்செஸ்டர் நகரத்துக் கில்ட்ஹால் அருங்காட்சியகத்தில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் சாயம் பூசிய எளிய பெட்டிதான். மூடியைத் திறந்தால் காட்சி மாறிவிடும். நுண்ணிய மரப்பதிப்பு வேலை செய்த சிறு இழுப்பறைகள்; உளிகள், இழைப்புளிகள், ரம்பங்கள் என ஏறத்தாழ இருநூறு கருவிகள். தச்சு வரலாற்றில் ஈடுபாடு கொண்டோர் இதனை பெஞ்சமின் சீட்டனின் பெட்டி என்று அழைக்கின்றனர்.

சாத்தம் நகரத்து ஜோசப் சீட்டன் 1796 டிசம்பரில், லண்டனில் இழைப்புளி செய்தும் கருவிகள் விற்றும் வந்த கிறிஸ்டோபர் கேப்ரியலிடம், தம் மகனுக்காக இக்கருவிகளை வாங்கினார். அவற்றை வைக்கும் பெட்டியை மகன் பெஞ்சமின் 1797இல் தன் கையாலேயே செய்தான். அத்துடன் கருவிகளின் பெயர்களையும் விலைகளையும் பட்டியலாக எழுதி வைத்தான். நல்ல கருவிகள் அடங்கிய ஒரு தொகுப்பு கைமாறியதற்கு, பொருளும் பட்டியலும் பெட்டியும் ஒருசேர எஞ்சியிருப்பது மிக அரிது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தச்சன் ஒருவனுக்கு என்னென்ன தேவைப்பட்டன, அவற்றுக்கு என்ன விலை என்பதை நாம் இன்று ஐயமின்றி அறிவது இதனால்தான். 1994இல் இங்கிலாந்தின் கருவிகள், தொழில்கள் வரலாற்றுச் சங்கம் இப்பெட்டியைப் பற்றித் தனி நூலே வெளியிட்டது.

ஆனால் இப்பெருமைக்குள் ஒரு சோகம் ஒளிந்திருக்கிறது. இக்கருவிகள் மிகக் குறைவாகவே பயன்பட்டிருக்கின்றன. ஆகவேதான் அவை எஞ்சின.

உளி ஒவ்வொரு முறை சாணை பிடிக்கப்படும்போதும் சிறிது குறுகுகிறது. ரம்பத்தின் பற்களை அரம் கொண்டு தீட்டத் தீட்டத் தகட்டின் அகலம் குறைகிறது. மர இழைப்புளியின் அடிப்பக்கம் தேய்கிறது. அதைச் சமன் செய்யச் செய்ய, சீவல் வெளிவரும் வாய் அகன்றுவிடுகிறது. கருவி எவ்வளவு நல்லதோ அவ்வளவு விரும்பிக் கையாளப்பட்டு, அவ்வளவு விரைவில் இல்லாமற் போகிறது. கைக்கு ஒவ்வாத கருவிதான் பரணில் நெடுங்காலம் வாழ்கிறது. ஜப்பானின் கோபே நகரில் 1984இல் தொடங்கப்பட்ட தக்கேனக்கா தச்சுக் கருவி அருங்காட்சியகத்தின் பின்னணியிலும் இக்கவலையே இருந்தது. டோக்கியோவில் 1943இல் எடுக்கப்பட்ட கணக்கு, ஒரு தச்சரின் முழுமையான கருவித் தொகுப்பில் 179 கருவிகள் இருந்ததைக் காட்டியது. மின்கருவிகள் வந்த சில பத்தாண்டுகளில் அத்தொகுப்பு சிதறியது.

எஞ்சியவை எவ்வாறு கைமாறின? பழைய ஆங்கில இழைப்புளிகளின் முன்முகப்பைப் பார்த்தால் விடை கிடைக்கும். செய்தவரின் முத்திரை ஒன்று. அதனருகே உரிமையாளர்களின் பெயர்கள் இரண்டு, மூன்று. ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் ஒரு மரணமோ, ஓய்வோ, கடனோ, எதுவாயினும் ஒரு விற்பனை இருந்திருக்க வேண்டும். அந்நாளில் வாங்கியவனும் தச்சனே. ஆகவே கருவி கைமாறியதேயன்றி வேலையை விட்டு விலகவில்லை. டபிள்யூ. எல். குட்மன் 1968இல் வெளியிட்ட ஆங்கில இழைப்புளித் தொழிலாளர் பற்றிய நூல் இம்முத்திரைகளை ஆதாரமாகக் கொண்டு எழுந்ததே. சிதறிய விற்பனைகளும் வரலாற்றுக்கு எதையோ விட்டுச் சென்றிருக்கின்றன.

பின்னர் வாங்குவோர் மாறினர். அமெரிக்க நிறுவனமான ஸ்டான்லி செய்த 1ஆம் எண் இழைப்புளி ஐந்தரை அங்குல நீளமே உடையது. பெரியவர் கைக்கு வசதியாக அடங்காதது. எனினும், அதே நிறுவனத்தின் நாள்தோறும் உழைத்த இழைப்புளிகளைவிடப் பன்மடங்கு விலைக்கு அது போகிறது. அரிதாகக் கிடைப்பதன் விலை அது, உழைப்பின் விலையன்று.

மாசசூசெட்ஸில் பியானோ செய்யும் தொழிலில் இருந்த ஹென்றி ஸ்டட்லி (1838–1925) செய்த சுவர்ப்பெட்டியின் கதையும் இத்தகையதே. மகோகனி, கருங்காலி, தந்தம், முத்துச்சிப்பி இழைத்த அப்பெட்டியில், ஒன்றினுள் ஒன்று பொருந்தும்படி சுமார் 300 கருவிகள் அடங்கியிருந்தன. அவர் அதை நண்பரிடம் ஒப்படைத்தார். அக்குடும்பத்தார் சிலகாலம் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்திற்கு இரவலாகக் கொடுத்தனர். பின்னர் தனியார் சேகரிப்பாளர் ஒருவர் விலைக்கு வாங்கினார். 2015இல் அயோவாவில் சில நாட்கள் பொதுமக்கள் அதைக் காண முடிந்தது. தனியார் கைக்குப் போனதை இழப்பென்று நாம் வருந்தலாம். ஆனால் அது பிரிக்கப்படாமல் முழுமையாக விற்கப்பட்டது என்பதையும் மறக்கலாகாது. ஏலத்தில் தனித்தனியே போயிருந்தால், நல்ல விலையுடன் முந்நூறு கருவிகள் மிஞ்சியிருக்கும். அவற்றை அடுக்கிய மனம் மறைந்திருக்கும்.

நூல்களைச் சேர்ப்போராகிய நமக்கு இது அந்நியமான துயரமன்று. ஒருவர் ஆயுள் முழுதும் சேர்த்த நூலகம் பழைய புத்தகக் கடைக்குப் போகும்போது நூல்கள் பிழைத்துக்கொள்கின்றன. இந்நூலருகே அந்நூலை வைத்த காரணம் பிழைப்பதில்லை. விற்பதைக் குற்றமென்று சொல்ல நமக்கு உரிமையில்லை. வாரிசுகளுக்கு இடமும் பணமும் தேவை. வேலை தெரிந்த கைக்குக் கருவி போய்ச்சேர்வது பரணில் துருப்பிடிப்பதைவிட மேல். ஆயினும் கட்டை அவிழ்ப்பதற்கு முன் ஒன்றைச் செய்யலாம். சாத்தம் நகரத்து இளைஞன் செய்ததைப்போல, எது எது இருந்தது, எங்கே வாங்கியது, என்ன விலை என்று ஒரு தாளில் எழுதி வைக்கலாம். கருவிகள் பிரிந்தாலும், அவை ஒன்றாய் இருந்த காலத்தை அந்தத் தாள் சொல்லும்.