பிறப்பு மூச்சுத்திணறல்: மூளைச் சேதத்தை முன்கணித்தல்

பிரசவத்தின்போது குழந்தையின் மூளைக்கு ஆக்சிஜனும் இரத்தமும் போதிய அளவு போகாமல் தடைப்பட்டால் மூளைத் திசு சேதமடைகிறது. நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிவது, தொப்புள்கொடி நழுவி நசுங்குவது, கருப்பை கிழிவது, பிரசவம் நெடுநேரம் இழுத்துக்கொண்டே போவது ஆகியவை இதன் முக்கியக் காரணங்கள். வசதியான நாடுகளில் உயிருடன் பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஏறத்தாழ 1 முதல் 3 பேருக்கு இது நேர்கிறது. தெற்காசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இன்னும் அதிகம். பாதிக்கப்பட்டவர்களில் சிலர் முழுமையாகத் தேறுகிறார்கள், சிலர் இறக்கிறார்கள், சிலர் மூளை முடக்குவாதத்துடனோ வலிப்புநோயுடனோ வளர்கிறார்கள். யாருக்கு எது நேரும் என்று கணிக்கப் பல சோதனைகள் உண்டு. ஆனால் அவற்றின் நம்பகத்தன்மை கருவியின் நுட்பத்தைவிட, எந்த நேரத்தில், எந்தக் குழந்தைகளிடம் சோதிக்கிறோம் என்பதையே அதிகம் சார்ந்திருக்கிறது.

நேரம் ஏன் முக்கியம் என்பதற்கு நோயின் போக்கிலேயே விடை இருக்கிறது. 1980களில் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையின் ஆய்வாளர்கள் காந்த அதிர்வு நிறமாலை மூலம் பச்சிளங் குழந்தைகளின் மூளை ஆற்றலை அளந்தார்கள். மூச்சுத்திணறலுக்குப் பின் முதல் சில மணி நேரம் அளவுகள் ஏறக்குறைய இயல்பாக இருந்தன. அதன்பின் அவை மறுபடியும் சரிந்தன. முதல் அடியில் பிழைத்த செல்கள் இந்த இரண்டாம் சரிவில் மடிகின்றன. ஆகவே பிறந்த உடனே செய்யும் எந்தச் சோதனையும் இன்னும் முடிவாகாத ஒன்றையே பார்க்கிறது. 1953இல் வர்ஜீனியா அப்கார் வெளியிட்ட மதிப்பெண் குழந்தைக்கு உடனடி உதவி தேவையா என்று அறியவே உருவானது. எதிர்காலத்தைச் சொல்ல அதை மட்டும் நம்புவது தவறு. தொப்புள்கொடி இரத்தத்தின் pH அளவு 7.0க்குக் கீழே போயிருந்தாலும் பல குழந்தைகள் நலமாகவே வளர்கிறார்கள். உணர்வுநிலை, தசைத்தொனி, அனிச்சைச் செயல்கள், வலிப்பு ஆகியவற்றைக் கொண்டு 1976இல் சார்னாட் இணையர் வகுத்த மூன்று நிலைகளில், முதல் நிலையும் மூன்றாம் நிலையும் ஓரளவு தெளிவாகவே பேசுகின்றன. பெற்றோர் தவித்துக் காத்திருக்கும் நடுநிலைதான் கணிக்கக் கடினமானது.

மிகத் துல்லியமான சோதனை தாமதமாகவே வருகிறது. பிறந்து சில நாட்களுக்குப் பின் எடுக்கும் எம்.ஆர்.ஐ., குறிப்பாகத் தாலமஸ் பகுதியில் என்-அசிட்டைல் ஆஸ்பார்ட்டேட் என்ற வேதிப்பொருளின் அளவு, பின்னாளைய வளர்ச்சியை மிக நன்றாகக் கணிக்கிறது. ஆனால் சிகிச்சையை 6 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். 2005இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளுக்குப் பின், உடலை ஏறத்தாழ 33.5 டிகிரி செல்சியஸில் 72 மணி நேரம் குளிரவைப்பது வசதியான நாடுகளில் வழக்கமானது. அது முன்கணிப்பையும் மாற்றிவிட்டது. குளிர்விக்கப்படாத குழந்தையின் மூளை மின்னலைப் பதிவு ஏறக்குறைய 24 மணி நேரத்துக்குள் இயல்புக்குத் திரும்பாவிட்டால் அது கெட்ட அறிகுறி; குளிர்விக்கப்பட்ட குழந்தைக்கு அந்த எல்லை 48 மணி நேரம் வரை நீள்கிறது.

எல்லா அளவுகளையும் கணினியிடம் தந்தால் சிக்கல் தீராதா என்று கேட்கலாம். கணினி தான் கற்ற குழந்தைகளைப் பற்றியே நன்றாகச் சொல்லும். ஓரிடத்துக் குழந்தைகளிடம் கற்றது வேறிடத்துக் குழந்தைகளுக்குப் பொருந்தாமல் போகலாம். 2021இல் வெளியான ஹீலிக்ஸ் என்ற குளிர்விப்பு ஆய்வு இதை உணர்த்தும் கசப்பான சான்று. சென்னை உட்பட இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் நடந்த அந்த ஆய்வில் குளிர்விப்பு பயன்தரவில்லை. குளிர்விக்கப்பட்டோரில் 42 விழுக்காட்டினரும் மற்றவர்களில் 31 விழுக்காட்டினரும் இறந்தார்கள். அறிகுறிகள் ஒன்றுபோல் தெரிந்தாலும், இங்கே பல குழந்தைகளுக்குப் பாதிப்பு பிரசவத்தின் இறுதிக் கட்டத்துக்கு வெகுமுன்பே தொடங்கியிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கம். அது சரியென்றால், சேதத்தின் அளவைச் சொல்லும் சோதனையைவிட அது எப்போது தொடங்கியது என்று சொல்லும் சோதனையே தெற்காசியாவுக்கு அவசரத் தேவை.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. கெட்ட கணிப்பே கெட்ட முடிவை உண்டாக்கிவிடாதா? நம்பிக்கையில்லை என்று சொல்லி உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்தினால் கணிப்பு தவறென்று ஒருபோதும் தெரியவராது. இந்த ஆபத்து உண்மையானது. அதனால்தான் ஒரே சோதனையை வைத்து முடிவெடுக்காமல், உடல் பரிசோதனை, மின்னலைப் பதிவு, எம்.ஆர்.ஐ. மூன்றும் ஒரே திசையைக் காட்டுகின்றனவா என்று பார்க்க வேண்டும். தாமதமான கணிப்பும் வீணல்ல. ஆபத்துள்ள குழந்தையை முதல் மாதங்களிலேயே இனங்கண்டால், இந்தியாவில் 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய திட்டத்தின் மாவட்ட இடையீட்டு மையங்களுக்கு அனுப்பி, பாலூட்டலுக்கும் இயன்முறைச் சிகிச்சைக்கும் வலிப்புக் கண்காணிப்புக்கும் வழிசெய்யலாம். வளர்ச்சிப் பரிசோதனையை 18 முதல் 24 மாதங்கள் வரையாவது தொடர வேண்டும்.