புறம்போக்கு என்ற வகை

திண்டுக்கல் நண்பர் ஒருவர் பழைய சிற்றிதழ்கள், துண்டறிக்கைகள், சுற்றுவட்டக் கிராமங்களில் பதிவுசெய்த ஒப்பாரிகள், நடவுப் பாட்டுகள் எல்லாவற்றையும் ஒரு வலைத்தளத்தில் ஏற்றிவருகிறார். வேர்ட்பிரஸ் மென்பொருள். நிர்வாகப் பக்கத்தின் இடது ஓரத்தில் ஒரு பட்டியல்: பதிவுகள், ஊடகம், பக்கங்கள், மறுமொழிகள். நாமாகப் புது வகைகளை உண்டாக்கிச் சேர்க்கலாம். இட எண் தராவிட்டால் அவை மறுமொழிகளுக்கும் கீழே போய் உட்காரும். வகை குறிக்காத பதிவோ தானாக ‘வகைப்படுத்தப்படாதவை’க்குள் விழும். அதன் பெயரை மாற்றலாமே ஒழிய அந்தக் குழியை மூட முடியாது. ஒப்பாரிகளில் முக்கால்வாசி அங்கேதான் கிடந்தன. “நம்ம ஊரு புறம்போக்கு மாதிரில்ல இருக்கு” என்றார்.

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஒரு வரலாறு கிடக்கிறது.

1792 சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு விட்டுக்கொடுத்த பகுதிகளில் திண்டுக்கல்லும் ஒன்று. நிலத்தை வரியின் கண்ணால் மட்டுமே பார்த்த கம்பெனிக்கு நஞ்சை, புஞ்சை என்ற தலைப்புகள் புரிந்தன. ஆடு மேயும் கரடு, கண்மாய், வண்டிப்பாதை, களம், சுடுகாடு? வரிக்கணக்குக்குப் புறத்தே போனவை. எனவே புறம்போக்கு.

வெள்ளைக்காரன்தான் இதைத் தொடங்கினானா என்றால், இல்லை. ராஜராஜன் காலத் தஞ்சைக் கல்வெட்டுகளிலேயே ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால், பறைச்சேரி, கம்மாணச்சேரி, சுடுகாடு என்று வரி நிலத்திலிருந்து கழிக்கிறார்கள். சேரி அன்றைக்கே தனியாக நிறுத்தப்பட்டிருந்தது. சோழர் புகழ் பாடுவோர் இந்த வரியை மட்டும் வேகமாகக் கடந்துவிடுவார்கள். ஆனால் அங்கே ஒவ்வொன்றும் தன் பெயரோடு நின்றது. பின்னாளைய ‘அ’ பதிவேட்டிலோ தலைப்பு புறம்போக்கு; குளமா, பாதையா, சுடுகாடா என்பது குறிப்புக் கட்டத்துக்குப் போய்விட்டது. வகையாக இருந்தது குறிப்பாக இறங்கிய இந்த நகர்வுதான் முக்கியம். தலைப்புக்கு அதிகாரம் உண்டு, குறிப்புக்கு இல்லை. பூக்கோவைப் படிக்காத கர்ணமும் இதை நன்றாகவே அறிந்திருந்தார்.

1905இல் வந்த சென்னை நில ஆக்கிரமிப்புச் சட்டம், பிறர் உரிமை நிறுவப்படாத பாதைகள், நீர்நிலைகள், நிலங்கள் யாவும் அரசின் சொத்து என்று அறிவித்தது. பட்டா என்ற காகிதமே இல்லாதவன் உரிமையை எதைக் காட்டி நிறுவுவான்? தலைமுறையாக அங்கே குடிசை போட்டிருந்தவன் ஒரே நாளில் ஆக்கிரமிப்பாளன் ஆனான். பிறகு அந்தச் சொல்லே மனிதர்களைத் திட்டும் சொல்லாகவும் ஆனது. இது மொழியில் தற்செயலாக நடந்த விபத்து என்று என்னால் நினைக்க முடியவில்லை.

இன்று பட்டாவும் ‘அ’ பதிவேடும் அரசின் இணையப் பக்கத்திலேயே கிடைக்கின்றன. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அது கேட்பது சர்வே எண்ணை. ஊருணியின் பெயரைச் சொன்னால் அதற்குப் புரியாது.

நண்பர் போன வாரம் ‘ஒப்பாரி’ என்று தனி வகை ஒன்றை உண்டாக்கி, 6 என்று எண் கொடுத்து, பதிவுகளுக்கு நேர் கீழே கொண்டுவந்துவிட்டார். துண்டறிக்கைகள் இன்னும் குழியில்தான் இருக்கின்றன. இலக்கியமா, அரசியலா, எதில் போடுவது என்று எங்களுக்குள் சண்டை.