லோரிப் பெட்டி பொருத்துதல்

லோரிப் பெட்டி பொருத்துதல் என்பது, கேபினும் சேசிஸும் (அடிச்சட்டமும்) மட்டுமாக ஆலையிலிருந்து வரும் கனரக வாகனத்தின் மீது சரக்குத் தளத்தை அமைக்கும் பட்டறைத் தொழில். தமிழ்நாட்டில் இது 'பாடி கட்டுதல்' எனப்படும். திறந்த தளம், பக்கத்தடுப்புப் பெட்டி, மூடிய பெட்டி, டிப்பர் ஆகியன முக்கிய வகைகள்.

பெட்டி சேசிஸின் மேல் நேரடியாக அமர்வதில்லை. இடையில் வரும் துணைச்சட்டமே சுமையை நீளவாக்கில் பரப்புகிறது. வேலையின் தரம் பெரிதும் இதைப் பொறுத்தது. துணைச்சட்டத்தின் முன்முனை சரிவாக வெட்டப்படும். செங்குத்தாக விட்டால் அவ்விடத்தில் அழுத்தம் குவிந்து சேசிஸில் விரிசல் விழும். இணைப்புக்கு யூ-போல்ட்டு, தாங்கித் தகடு ஆகியன பயன்படும். சேசிஸின் மேல், கீழ் விளிம்புகளில் துளையிடுவதும் வெல்டிங் செய்வதும் கூடாது. பிற இடங்களில் வெல்டிங் செய்யுமுன் பேட்டரி இணைப்பைக் கழற்றுவது அவசியம். இல்லையெனில் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் பழுதாகலாம். தளத்துக்கு எஃகுத் தகடும் கெருயிங் போன்ற வன்மரமும் ஏற்றவை.

ஜொகூர் மாநிலத்தின் கெலாங் பாத்தா வட்டாரத்தில், இத்தொழிலுக்குத் தேவையை உண்டாக்கும் கனரகப் போக்குவரத்து பெருகியதற்கு 1998இல் திறக்கப்பட்ட மலேசிய-சிங்கப்பூர் இரண்டாவது இணைப்புப் பாலமும், அதையடுத்து இயங்கத் தொடங்கிய தஞ்சோங் பெலேபாஸ் துறைமுகமும் முக்கியக் காரணங்கள். மலேசியாவில் வாகனக் கட்டமைப்பை மாற்றச் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதல் தேவை. தமிழ்நாட்டில் இத்தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர் நாமக்கல். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வாகனங்களுக்குத் திருச்செங்கோடு.