எந்த ராசாவுக்கு ஒத்த பொம்மை?

கண்டியில், தலதா மாளிகைக்குக் கிட்ட உள்ள ஒரு நினைவுப்பொருள் கடைக்குள் நாங்கள் நாலு பேர் அரை மணித்தியாலம் வாக்குவாதப்பட்டோம். காரணம் ஒரு பொம்மை. ஒரு அடி உயரம் இருக்கும். மரத்தில் செதுக்கி, சிவப்பு வெல்வெட் சட்டை போட்டு, மினுங்கும் கிரீடம் வைத்திருந்தார்கள். முறுக்கு மீசை, உருட்டின கண். "இது யார்?" என்று கேட்டோம். "கண்டியின்ட கடைசி ராசா" என்றார் கடைக்காரர்.

எங்களில் ஒருத்தன் உடனே கையைத் தூக்கிப் பார்த்தான். "இது சரியில்லை. ரூகட என்றால் முழங்கை மடியோணும். இது ஆணி அடிச்ச கை." இன்னொருத்தி சொன்னாள்: "கையை விடு, முகத்தைப் பார். அந்த ராசா இப்படியா இருந்தவர்?" மூன்றாமவன் சமாதானம் பேசினான்: "வாங்கிறவங்களுக்கு இது போதும்தானே." நாலாவது ஆள் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறோம்.

கடையை விட்டு வெளியே வந்த பிறகும் கேள்வி எங்களை விடவில்லை. ஒரு பாவையின் நகல் எவ்வளவு சரியாக இருந்தால் திருப்தி? அதைவிட, அது எதற்குச் சரியாக இருக்க வேண்டும்?

பொம்மை சேர்க்கிற ஆட்களுக்கு இது புதுக் கேள்வி இல்லை. அனிமே உருவங்கள் வாங்குகிற நண்பர்கள் தலைமுடியின் நிறம் கொஞ்சம் மாறினாலே குறை சொல்வதை நாங்கள் எல்லோரும் கேட்டிருக்கிறோம். ஆனால் "அசல்" என்பது ஒன்றுதானா? அமெரிக்காவின் கெர்மிட் தவளையை எடுங்கள். 1955இல் ஜிம் ஹென்சன் தன் தாயின் பழைய மேலங்கித் துணியில் அதைத் தைத்தார், பிங்பொங் பந்தை வெட்டிக் கண் வைத்தார். அப்போது அது தவளை என்றே முடிவாகவில்லை. கழுத்தைச் சுற்றின முக்கோண முனைகளும் பிறகு வந்தவைதான். கெர்மிட்டின் நகல் வாங்கப் போகிற ரசிகர் எந்த ஆண்டுக் கெர்மிட்டைக் கேட்கிறார் என்று முதலில் சொல்ல வேண்டும்.

இத்தாலியின் சிசிலித் தீவில் தகரக் கவசம் போட்ட வீரர்களை வைத்து ஆட்டும் "பூப்பி" என்ற பாவைக்கூத்து இருக்கிறது. பலேர்மோ நகரத்துப் பாவைக்கு முழங்கால் மடியும், வாளை உறையிலிருந்து உருவும். கத்தானியா நகரத்துப் பாவை அதைவிடப் பெரிது, கால் மடியாது, வாள் எப்போதும் கையிலேயே இருக்கும். விஷயம் தெரிந்தவர் முழங்காலைத்தான் முதலில் பார்ப்பார். கடையில் கையைத் தூக்கிப் பார்த்த எங்கள் நண்பனும் இந்தக் கட்சிதான்.

அவன் சொன்னதில் நியாயம் உண்டு. ரூகட கண்டியின் கலை இல்லை. அதன் ஊர் தெற்குக் கரை: அம்பலாங்கொடை, பலப்பிட்டிய, மிரிஸ்ஸ. கம்வாரி குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக ஆட்டி வந்த நூல்பாவை நாடகம். 2018இல் யுனெஸ்கோ இதை மனித குலத்தின் புலனாகா மரபுப் பட்டியலில் சேர்த்தது. மேடைப் பாவை ஒரு சின்னப் பிள்ளையின் உயரம் இருக்கும். முகமூடி செய்யும் அதே கதுரு போன்ற இலேசான மரத்தில் செதுக்குவார்கள். தமிழ்நாட்டுப் பொம்மலாட்டத்தில் தலையில் வளையம் மாட்டி, அதிலிருந்து நூல் விட்டு, கைகளைக் கம்பியால் ஆட்டுவார்கள். அங்கே ஒரு பாவை நாலரை அடி உயரமும் 10 கிலோ எடையும் வரலாம். ரூகட முழுக்க நூலிலேயே தொங்குவது. மரம் இலேசாக இருக்க வேண்டியதும், மூட்டுகள் தளர்வாக இருக்க வேண்டியதும் அதனால்தான்.

ஆகவே கடையில் இருந்தது நகல் என்றால், நூலும் மூட்டும் இல்லாத நகல். ரூகடவை ரூகட ஆக்குகிற விஷயமே அதில் இல்லை. அதே நேரம் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்: மூட்டு வைத்துச் செதுக்க நேரம் போகும், விலை ஏறும். சொன்ன விலையில் பாதிக்குப் பேரம் பேசிவிட்டு "ஒரிஜினல் மாதிரி இல்லை" என்று முகம் சுளிக்கிறவர்கள் நாங்கள்தான். அசல் வேண்டும் என்றால் அசலுக்கான கூலியைக் கொடுக்க வேண்டும்.

இனி முகத்துக்கு வருவோம்.

1739இல் நரேந்திரசிங்கனுக்குப் பிறகு அவனுடைய அரசியின் சகோதரன் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் அரசனானான். மதுரைத் தொடர்புள்ள நாயக்கர் குடும்பம் கண்டியை ஆளத் தொடங்கியது அப்படித்தான். அந்த வரிசையில் நாலாவது ஆள், கடைசி ஆள், ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். பிறந்த பெயர் கண்ணுசாமி. 1798இல் அரசேறினபோது வயது பதினெட்டு. நாங்கள் பின்னேரம் நடக்கப் போகிற கண்டி வாவி அவன் கட்டியது. தலதா மாளிகைக்கு முன்னால் நிற்கும் எண்கோண மண்டபமும் அவன் காலத்ததுதான். நாயக்கர் உறவினர் வாழ்ந்த தெருவின் நினைவு இன்றும் மலபார் வீதி என்ற பெயரில் நகரத்துக்குள் இருக்கிறது.

1814இல் முதல் அதிகாரான எகலப்பொல அரசனோடு முறித்துக்கொண்டு, கிளர்ச்சி தோற்றதும் கொழும்பில் பிரித்தானியரிடம் போய்ச் சேர்ந்தார். கண்டியில் இருந்த அவருடைய மனைவியும் பிள்ளைகளும் கொல்லப்பட்டார்கள். பிள்ளைகளின் தலையை வெட்டி, உரலில் போட்டு, தாயையே உலக்கையால் இடிக்க வைத்தார்கள், பிறகு அவரைப் போகம்பரை வாவியில் அமிழ்த்தினார்கள் என்பது நாங்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்த கதை. அண்ணன் தாயின் பின்னால் ஒளிய, தம்பி மத்தும பண்டார தானாக முன்னால் வந்து கழுத்தைக் கொடுத்தான் என்பதும் அந்தக் கதைதான்.

அடுத்த ஆண்டு, 1815 பெப்ரவரி 18இல், மெதமஹநுவரப் பக்கம் அரசன் பிடிபட்டான். மார்ச் 2இல் கண்டி உடன்படிக்கை. அதில் அரசன் கொடுங்கோலன் என்று எழுதியிருப்பது மட்டும் இல்லை. அவனுடைய ஆண் உறவினர்களும், கண்டியிலிருந்து வெளியேற்றப்பட்ட "மலபார்" ஆண்களும் அனுமதியில்லாமல் திரும்பி வந்தால் இராணுவச் சட்டப்படி தண்டனை என்றும் இருக்கிறது. அரசன் 1816இல் வேலூருக்குக் கொண்டு போகப்பட்டு, 1832 ஜனவரி 30இல் அங்கேயே இறந்தான். எகலப்பொலவுக்கும் எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. 1818இல் பிரித்தானியர் அவரையும் பிடித்தார்கள், மொரிசியஸில் 1829இல் இறந்தார்.

எகலப்பொல குடும்பம் கொல்லப்பட்டது வரலாறு. உரலும் உலக்கையும் எவ்வளவு உண்மை என்பதில் ஆய்வாளர்களுக்குள் சர்ச்சை உண்டு. இந்த அரசனைப் பற்றி கணநாத் ஒபயசேகர 2017இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். கண்டியைப் பிடித்ததை நியாயப்படுத்த வேண்டியிருந்த பிரித்தானியருக்கு ஒரு கொடுங்கோலன் எவ்வளவு தேவைப்பட்டான் என்பதை அதில் பார்க்கலாம். தமிழ் பேசினான் என்பதற்காக அரசனை நாங்கள் கழுவித் துடைக்கப் போவதில்லை. பிள்ளைகளைக் கொன்ற ஆட்சி அது. ஆனால் கொலை ஒன்று, அதன் மேல் கட்டின காட்சி இன்னொன்று.

காட்சி எப்படி மேடைக்கு வந்தது? இந்த இடத்தில்தான் எங்களுக்கே ஆச்சரியம். 19ஆம் நூற்றாண்டில் கரையோரச் சிங்களவர்களிடம் "நாடகம" என்ற பாட்டு நாடகம் பரவியது. அதன் முன்னோடியான பிலிப்பு சிஞ்ஞோ என்பவர் எழுதியதாகச் சொல்லப்படுவது "எகலப்பொல நாடகம". நாடகம என்ற வடிவம் தமிழ்க் கத்தோலிக்க நாட்டுக்கூத்திலிருந்து வந்தது என்று காட்டியவர் எங்கள் பேராதனையில் இருந்த பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர. 1956இல் "மனமே"யை அந்த வடிவத்தில் மேடையேற்றியவரும் அவரே. பேராதனையின் திறந்தவெளி அரங்கு இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது. மனிதர் நடித்த நாடகம தேய்ந்துகொண்டு போனபோது அதன் கதைகளையும் பாட்டுகளையும் பாவைகள் எடுத்துக்கொண்டன. ரூகட மேடையில் பேர்போன கதைகளில் எகலப்பொல கதையும் ஒன்று. உரல் காட்சிக்குச் சனம் அழுதது.

சுருக்கமாகச் சொன்னால், தமிழ் பேசின அரசனை வில்லனாக்கின கதை, தமிழ்க் கூத்திலிருந்து போன உடுப்பையும் பாட்டையும் போட்டுக்கொண்டு ஆடியது. அதை ஆடினவர்கள் கண்டி ஆட்களும் இல்லை. கரையோரம் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரித்தானியர் என்று மாறி மாறி ஆளப்பட்ட பிரதேசம். கண்டி அரசவையை நேரில் கண்ட கைகள் அந்தப் பாவையைச் செதுக்கவில்லை. அரசனின் கிரீடமும் சிம்மாசனமும்கூட அப்போது இங்கே இல்லை. பிரித்தானியர் கொண்டு போனவை 1934இல்தான் திரும்பி வந்தன, இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கின்றன. ரூகட ராசாவின் கிரீடம் நாடகம மேடையின் கிரீடம்.

இப்போது கடைப் பொம்மையை மறுபடி பார்த்தால் அதற்குப் பின்னால் மூன்று அசல் நிற்கிறது. ஒன்று, அம்பலாங்கொடை மேடைப் பாவை. இரண்டு, அந்தப் பாவை நடித்த கதை. மூன்று, வேலூரில் இறந்துபோன மனிதன். பொம்மை முதலாவதுக்கு ஒத்திருக்கலாம். முதலாவது இரண்டாவதுக்கு ஒத்திருக்கிறது. இரண்டாவது மூன்றாவதுக்கு எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதில்தான் பிரச்சினை. "சரியான நகல்" என்று சொல்லும்போது இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறோம்.

கடையில் பேசாமல் நின்ற நண்பி பிறகு ஏன் என்று சொன்னாள். சின்ன வயதில், வெசாக் நேரம், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு பொம்மைக் கூத்துப் பார்க்கப் போயிருக்கிறாள். உரல் காட்சி முடிந்ததும் கூட வந்த ஒரு பையன் இவளைத் திரும்பிப் பார்த்து, "உங்கட ராசாதானே" என்று சொன்னானாம். கோபமாகக்கூட இல்லை, சும்மா சொன்னது. வீடு வரும்வரை அவள் வாய் திறக்கவில்லை. "எனக்கு மூட்டு மடியுதா மடியேல்லையா என்றது பிரச்சினை இல்லை. அந்தக் கண்தான் பிரச்சினை" என்றாள்.

அப்படியென்றால் கண்ணை மாற்றிச் செதுக்கச் சொல்லலாமா? மீசையைச் சின்னதாக்கி, ஒரு பத்தொன்பது வயதுப் பொடியனின் முகத்தை வைக்கலாமா? எங்களில் ஒருத்தர் இதைத்தான் கேட்டார். மற்ற மூன்று பேருக்கும் இது பிடிக்கவில்லை. முகத்தை மாற்றினால் அது ரூகடவின் நகல் இல்லை, எங்கள் விருப்பத்தின் நகல். 19ஆம் நூற்றாண்டுக் கரையோரச் சனம் கண்டியை எப்படி நினைத்தது என்பதற்கு அந்த உருட்டின கண் ஒரு சாட்சி. சாட்சியைத் திருத்தக்கூடாது. சிசிலிக்காரரும் இதே இடத்தில் நிற்கிறார்கள்: ஒருகாலத்தில் முஸ்லிம்கள் ஆண்ட தீவில், பாவைக்கூத்தின் எதிரிகள் எப்போதும் சரசேனியர். அந்தப் பாவைகளின் முகத்தை இன்று மென்மையாக்கினால், அப்படி ஒரு பகை மேடையில் இருந்ததே தெரியாமல் போய்விடும்.

மாற்றம் வர வேண்டிய இடம் வேறு. 1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை எடுத்து "இராவணேசன்" மேடையேற்றினார். வில்லனாகப் பழகிய இராவணன் அதில் துயர நாயகன். ஆட்டமும் தாளமும் கூத்துடையவை, கதையைப் பார்க்கிற பக்கம் மாறியது. ராஜசிங்கனுக்கும் அப்படி ஒரு புதுக்கதை தேவை. அதைச் சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் சேர்ந்து ரூகடவிலேயே ஆட்டினால் இன்னும் நல்லது. அப்போது புதுப் பாவை ஒன்று பிறக்கும், அதற்குப் புது நகலும் வரும். பழைய பாவையின் நகல் பழையதாகவே இருக்கட்டும்.

நகல் செய்கிறவர்களிடம் நாங்கள் கேட்பது இரண்டு விஷயம். ஒன்று, மேடைப் பாவைக்கு உண்மையாக இருங்கள்: மூட்டு, நூல், இலேசான மரம். இரண்டு, கூடவே ஒரு துண்டுக் காகிதம் வையுங்கள். பாவை எந்த ஊர், என்ன கதை, அந்தக் கதைக்கும் வரலாறுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று மூன்று மொழியிலும் நாலு வரி போதும். "காகிதத்தை யார் வாசிக்கிறது, ராக்கையில் நிற்பது முகம்தானே" என்று எங்களில் ஒருத்தன் இன்னும் சொல்கிறான். அதற்கு எங்களிடம் நல்ல பதில் இல்லை.

அந்தப் பொம்மையை அடுத்த கிழமை போய், பேரம் பேசாமல், காசு சேர்த்து வாங்கினோம். இப்போது கட்டுகஸ்தோட்டையில் எங்கள் நண்பியின் வீட்டில் இருக்கிறது. ஆணியைக் கழற்றி, தோளில் கயிற்று மூட்டு வைத்து, நூல் கட்டினோம். கை ஓரளவு ஆடுகிறது. காகிதத்தை அவளே எழுதினாள்:

"இது ரூகட. அம்பலாங்கொடை மேடையில் வரும் ராசா. கண்டியை ஆண்ட ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் பெயரில் ஆடுகிறது. அவனுடைய ஆட்சியில் பிள்ளைகள் கொல்லப்பட்டது உண்மை. உரல் கதையில் சந்தேகம் உண்டு. இந்த முகம் அவனுடையது இல்லை."

வீட்டுக்கு வருகிற ஆட்கள் முதலில் பொம்மையைத்தான் பார்க்கிறார்கள். கொஞ்சப் பேர் காகிதத்தையும் வாசிக்கிறார்கள்.